புதுச்சேரியில் என் மகள் நடத்திய குரங்குப் பாடம்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு உறவுக்காரர்களுக்குக் கடுதாசி போட்டதைத் தவிர நான் பேனாவைத் தொட்டதில்லை. எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள், "புதுச்சேரி போய் வந்தீங்களே பெரியம்மா, அதை நம்ம சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்க" என்று விடாமல் பிடித்துக்கொண்டார்கள். முன்னது பின்னதாக வரும். தெருப் பெயர்கள் மறந்துவிட்டன. எழுத்துப் பிழை கட்டாயம் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஊரில் எல்லோரிடமும் மாசி மகத்துக்குக் கடல் முழுக்குப் போடப் போகிறேன் என்றுதான் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணமும் இல்லை. என் மகள் கமலம் அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அவள் நடத்திய ஒரு பாடத்தால் பெரிய தகராறு என்றும், பாடத்தை விட வேண்டும் அல்லது வேலையை விட வேண்டும் என்று கமிட்டியார் சொல்கிறார்கள் என்றும், கல்யாணமாகாத பெண் ஆனதால் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து உடன் இருக்க வேண்டும் என்றும் தகவல் வந்தது. அவள் அப்பா இருந்தால் போயிருப்பார். நான் கடையில் நின்று உப்பு கேட்பதற்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறவள். இருந்தாலும் புறப்பட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இன்னமும் புதுச்சேரியை வேறு தேசம் என்றுதான் நினைக்கிறோம். வெள்ளைக்காரன் கொடி இறங்கிச் சில வருஷம் ஆகிவிட்டது. ரயிலில் எனக்கு எதிரே இருந்த பெரியவர், எல்லை வந்ததும் தம்முடைய மூட்டையை அவிழ்த்து மடியில் பரப்பி வைத்துக்கொண்டார். யாரும் சோதனைக்கு வரவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சோதனை எடுத்துட்டாங்கன்னு தெரியும்மா. கைதான் கேக்கமாட்டேங்குது" என்றார். திரும்பக் கட்டும்போது என் வெற்றிலைப் பையையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அதைக் கேட்டு வாங்குவதற்குள் எனக்கு வியர்த்துப்போனது.

இறங்கியபோது உச்சி வெயில். கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று பயந்தேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவது அங்கே வழக்கமாம். எங்கள் ஊரில் அப்படித் தூங்கினால் சோம்பேறி என்று பெண் கொடுக்கமாட்டார்கள்.

ஸ்டேஷன் வாசலில் புஷ்புஷ் என்று ஒரு வண்டி. நாற்காலிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஆள் பின்னால் நின்று தள்ளுவார். நான் ஏறி உட்கார்ந்ததும் முன்னால் ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்வதற்கு என்று நினைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஓடி ஒரு முக்குத் திரும்பும் இடத்தில் திரும்பவே இல்லை. நேராகப் போய் ஒரு பூசணிக்காய்க் குவியலில் ஏறி நின்றது.

"இன்னாம்மா, திருப்பமாட்டியா நீ?" என்றார் தள்ளுகிறவர்.

"நானா திருப்பணும்?"

"பின்ன நானா? நான் பின்னால கீறேன், எனக்கு உன் கொண்டதான் தெரியுது. வண்டிய ஓட்டறது நீதாம்மா. நான் தள்ளறவன்."

பூசணிக்காய்க்காரி சண்டைக்கு வருவாள் என்று நடுங்கினேன். அவள் சிரித்துவிட்டு, "ஊருக்குப் புதுசா ஆயா? வர்றவங்க எல்லாரும் மொதல்ல எங்கிட்டதான் வர்றாங்க" என்றாள். அதற்கப்புறம் நான்தான் கம்பியைத் திருப்பிக்கொண்டு போனேன். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் எனக்காகக் கையை நீட்டி மாட்டு வண்டியை நிறுத்தினார். என் ஆயுசில் நான் ஓட்டிய ஒரே வண்டி அதுதான்.

கமலம் ஒரு கிறிஸ்தவ அம்மாள் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். அந்த அம்மாளை எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். கறுப்பாக, என்னைப் போலத்தான் இருந்தாள். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்துப்போனவராம். போனவுடன் ஒரு கிண்ணம் நிறையக் காப்பியும் முழங்கை நீள ரொட்டியும் வைத்தாள். அந்த ரொட்டியின் மேல்தோல் மரப்பட்டை மாதிரி இருந்தது. இருக்கிற நாலு பல்லையும் அதற்குக் கொடுக்க மனமில்லாமல் நான் உள்ளே இருந்த பஞ்சை மட்டும் பிய்த்துத் தின்றேன். "தோச்சு சாப்புடுங்க அக்கா, காப்பியில தோச்சு" என்று செய்து காட்டினாள். தோய்த்துச் சாப்பிட்டால் நன்றாகத்தான் இருந்தது. இட்லியை அப்படிக் காப்பியில் தோய்த்தால் எங்கள் வீட்டில் அடிக்க வருவார்கள்.

சாயங்காலம் கமலம் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பாடத்துக்குப் பரிணாமம் என்று பெயர். உயிர்கள் எல்லாம் வெகு காலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி வந்திருக்கின்றன, மனிதனும் அப்படி வந்தவன்தான் என்பது பாடம். அவள் வகுப்பில் மரவாடி ஐயாவின் பேத்தி படிக்கிறாள். மரவாடி ஐயா என்பவர் ரெட்டியார்பாளையம் சாலையில் பெரிய மரவாடி, அதாவது மரக்கடை, வைத்திருப்பவர். பள்ளிக் கட்டடத்துக்கு அத்தனை மரமும் அவர் கொடுத்தது. கமிட்டியில் அவர் சொல்தான் எடுபடும். சிவபூஜை செய்யாமல் தண்ணீர் குடிக்கமாட்டாராம்.

பாடம் நடந்த சில நாளில் அவர் தம் தகப்பனாருக்குத் தெவசம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐயர் அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தாவின் அப்பா பெயர் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்லச் சொல்லியிருக்கிறார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "தாத்தா, இன்னும் பின்னால போய்க்கிட்டே இருந்தா குரங்கு பேரெல்லாம் சொல்லணுமா? அதுங்களுக்குப் பேரு இருக்காதே" என்று கேட்டுவிட்டாள். ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐயர் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும். எனக்கே மரவாடி ஐயா பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

"நீ ஏன்டி இதெல்லாம் சொல்லிக் குடுக்கற?" என்றேன்.

"பாடத்துல இருக்கும்மா. இருக்கறது மட்டும் இல்ல, அது நெசம்."

"அப்ப சாமி?"

"சாமிய நான் ஒண்ணும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்கு உள்ளூரப் பயம் அதுதான். வேலை போனால் போகிறது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். இவளுக்குச் சாமி போய்விட்டதா என்பதுதான் என்னை அரித்தது.

மதாம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் சின்னதுல எக்கோலுக்குப் போனப்பவும் இதே கூத்துதான் அக்கா. காலைல கோயில் சாமியார் வந்து ஆண்டவர் ஆறே நாள்ல உலகத்தைப் பண்ணாருன்னுவார். மத்தியானம் முசியே வந்து கோடி வருஷம்னுவார். நான் ரெண்டு பேருக்கும் உய் உய்னு தலையாட்டினேன். ரெண்டு பேரும் எனக்கு நல்ல மார்க் போட்டாங்க" என்றாள். எக்கோல் என்றால் பள்ளிக்கூடம், முசியே என்றால் வாத்தியார் ஐயா, உய் என்றால் ஆமாம் என்று அர்த்தமாம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பள்ளியின் தமிழ் வாத்தியார் வந்தார். நல்ல மனுஷர். கமலத்தின் மேல் பிரியமுள்ளவர். நாளைக்கு மரவாடி ஐயாவும் மற்றப் பெரியவர்களும் முன்னால் உட்கார, அந்தப் பாடத்தை அவள் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடாம். கேட்டுவிட்டு ஐயா சொல்வதுதான் தீர்ப்பு.

"சுலபமா ஒரு வழி இருக்கு டீச்சர்" என்றார் அவர். "தசாவதாரத்தைச் சொல்லிடுங்க. மொதல்ல மீன், அப்பறம் ஆமை, அப்பறம் பன்னி, அப்பறம் பாதி மிருகம் பாதி மனுஷன். நம்ம பெரியவங்க அன்னிக்கே சொல்லிட்டாங்கன்னு முடிச்சிடுங்க. கைதட்டிடுவாங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கமலம் தலையை ஆட்டினாள்.

"அது வேற, இது வேற சார். பாடத்துக்கு முட்டுக் குடுக்க சாமியக் கொண்டாந்து நிறுத்தினா, நாளைக்குப் பாடத்துல ஒரு வரி மாறினா சாமிய இன்னா பண்றது? மாத்தி எழுதறதா?"

"வேலை போயிடும்மா."

"போனா போவட்டும் சார். தெரிஞ்சே தப்பாச் சொல்லித் தந்துட்டு அந்தப் பிள்ளைங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது."

அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். பிடிவாதத்தில் கமலம் அப்படியே அவள் அப்பா.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெரிய அறையில் ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண்களுக்குப் பாய். நான் பாயின் கடைசியில் தூணோடு ஒண்டிக்கொண்டேன். மாணவிகள் முன்னால் தரையில். மரவாடி ஐயா வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். உயரமான ஆள், நெற்றி நிறையத் திருநீறு. கூட வந்த அவர் வீட்டம்மாள் கையில் பட்டுத்துணி போட்டு மூடிய தாம்பாளம். அதில் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

கமலம் ஆரம்பித்தாள். கரும்பலகையில் மனுஷன் கை, வவ்வால் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு மூன்றையும் எலும்பு எலும்பாக வரைந்தாள். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு, அப்புறம் விரல்கள். மூன்றிலும் அதே அடுக்கு. நான் என் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாயில் இருந்த பெண்கள் எல்லோரும் அதையேதான் செய்தார்கள்.

பெஞ்சிலிருந்து ஒருவர், "அதெல்லாம் சரி டீச்சரம்மா, கொரங்கு நமக்குத் தாத்தாவா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"தாத்தா இல்லைங்க. பங்காளி. ரொம்ப ரொம்பப் பழைய காலத்துல அதுக்கும் நமக்கும் ஒரே பாட்டன். அந்தப் பாட்டன் இன்னிக்கு இருக்கற கொரங்கும் இல்ல, மனுஷனும் இல்ல. அவங்க வழி அப்படிப் போச்சு, நம்ம வழி இப்படி வந்துச்சு."

"பங்காளின்னா சொத்துல பங்கு கேக்குமே."

"அதான் எங்க தென்னந்தோப்புல வந்து எடுத்துக்குதே" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். மரவாடி ஐயா சிரிக்கவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

"நான் பொறந்ததுலேருந்து கொரங்கு கொரங்காத்தான் இருக்கு. எங்கப்பா பாத்தப்பவும் அப்படித்தான். மாறுது மாறுதுன்னு சொல்றீங்களே, யாரு பாத்தது?"

"நம்ம ஆயுசுல பாக்க முடியாதுங்க ஐயா. அவ்ளோ காலம் வேணும்."

"பாக்காத ஒண்ணை நம்பச் சொல்றீங்க. நான் பாத்து நம்பறதைக் காட்டறேன், பாருங்க." அவர் தாம்பாளத்தை வாங்கி மேசையில் வைத்துத் துணியை எடுத்தார். தேங்காய் மூடி, வெற்றிலை, திருநீற்று மடல், நடுவில் கன்னங்கரேலென்று தொடை நீளத்தில் ஒரு கல். "திருவக்கரையில அம்மன் அசுரனை வதம் பண்ணப்போ விழுந்த எலும்பு. காலப்போக்குல கல்லாயிடுச்சு. எங்க பாட்டனார் கொண்டாந்து பூஜையில வெச்சது. புராணம் சொன்னதுக்கு என்கிட்ட சாட்சி இருக்கு. உங்க சயின்ஸ் இதுக்கு இன்னா சொல்லும்?"

நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். கமலம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. வருஷக்கணக்காக எண்ணெயும் சந்தனமும் புகையும் படிந்து அடை அடையாக இருந்தது.

"ஐயா, இதுக்கு இன்னா அபிஷேகம் பண்றீங்க?"

"வெள்ளிக்கெழமை எண்ணெய்க் காப்பு. வேறென்ன?"

"திருநீறு அபிஷேகம் உண்டுங்களா?"

"சிவனுக்கு உண்டு. இதுக்குப் பண்ணினதில்ல."

"பண்ணலாம்னா நீங்களே பண்ணுங்க. பண்ணிட்டு நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் ஒத்துக்கறேன்."

அவர் யோசித்தார். எங்கள் பாயிலிருந்து அவர் வீட்டம்மாள், "பண்ணுங்களேன். திருநீறு பட்டா எந்த எலும்பு கோவிச்சுக்கப்போவுது" என்றாள்.

தண்ணீர் வேண்டும். பானை வராந்தாவில் இருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யார் எழுந்தால் யார் பக்கம் என்று ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் தயக்கம் போலிருந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, நான் எழுந்துவிட்டேன். அத்தனை ஆண்களுக்கும் முன்னால் நடந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து மேசையில் வைத்தேன். கமலம் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டே திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

ஐயா மடலில் இருந்த திருநீற்றை அள்ளிக் கொட்டித் தேங்காய் மூடியில் இருந்த நாரைப் பிய்த்துத் தேய்த்தார். வாய் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தது. திருநீறும் சாம்பல்தானே. எண்ணெய்ப் பிசுக்கை நாம் வேறு எதனால் போக்குகிறோம். கறுப்பு கரைந்து தாம்பாளத்தில் வழிந்தது. செம்புத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினார். ஈரத்தில் அந்தக் கல் தேன் நிறத்தில் மினுங்கியது. குறுக்கு வெட்டில் வளையம் வளையமாக ரேகைகள், ஒன்றுக்குள் ஒன்று. எட்ட இருந்த எனக்கே தெரிந்தது.

ஐயா மந்திரத்தை நிறுத்திவிட்டார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கட்டைவிரலால் ஒரு இடத்தைத் தடவினார். திருப்பி வைத்து இன்னொரு இடத்தைத் தடவினார். மரக்கடைக்காரர்கள் மரம் வாங்க வருகிறவர்கள் முன்னால் தடவிக் காட்டுவார்களே, அந்தக் கை அது.

"இது கணு" என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிற மாதிரி. "கிளை ஒடிஞ்ச எடம். இதோ வெளிப்பக்கம் வெள்ளை. இது உள்ளார வைரம் பாஞ்ச கட்டை." கொஞ்சம் பொறுத்து, "புழு துளைச்சிருக்கு பாரு, இங்க."

தமிழ் வாத்தியார், "அப்படின்னா அசுரனுடைய..." என்று இழுத்தார்.

"செத்த சும்மா இருங்க வாத்தியாரே. நாப்பது வருஷமா மரம் பாக்கறவன் நான். இந்தக் கட்டை வாடிக்கு வந்திருந்தா பாத்த ஒடனே மரம்னு சொல்லியிருப்பேன். பூஜையில இருந்ததால பாக்கல." பிறகு கமலத்தைப் பார்த்தார். "டீச்சரம்மா, மரம் கல்லாவறதுக்கு எத்தினி காலம் புடிக்கும்?"

அவள் ஒரு கணக்குச் சொன்னாள். அதைக் கேட்டதும் பாயில் இருந்தவர்கள் வாயில் கை வைத்தார்கள்.

"எங்க வீட்டுத் தேக்குத் தூண் எங்க முப்பாட்டன் நட்டது" என்றார் ஐயா. "இன்னிக்கும் மரந்தான். ஆணி எறங்குது. இது கல்லாயிருக்குன்னா..." நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்ளோ காலம் கையில இருந்திருக்கு. அவ்ளோ காலத்துல எதுவும் எதுவா வேணா ஆவலாம். அது எனக்குத் தெரியலை இத்தினி நாளா."

அப்புறம் பேத்தியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அழுகிற முகத்தோடு எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் அடிக்கக் கை ஓங்கினேன். இப்ப பதில் சொல்றேன், கேட்டுக்க. மூணு தலைமுறைக்குப் பேர் சொல்லி எள்ளுத் தண்ணி விடறோமா. கடைசியில ஒரு தரம், பேரு தெரியாதவங்களுக்கும்னு ஒரு கை விடறோம். அது எது வரைக்கும் போவுதுன்னு எங்கப்பாவை நான் கேட்டதில்ல. எது வரைக்கும் போவணுமோ அது வரைக்கும் போவட்டும். யாரா இருந்தா இன்னா, நமக்கு முன்னால வந்தவங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் அவர் வீட்டம்மாளும் மூக்கை உறிஞ்சினாள்.

ஐயா எழுந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "பாடம் இருக்கும். டீச்சரும் இருப்பாங்க. வருஷா வருஷம் இந்தப் பாடம் வர்றப்போ கல்லை அனுப்பறேன், பிள்ளைங்க பாக்கட்டும். பாடம் முடிஞ்சதும் பூஜைக்குத் திருப்பிடணும். மரமா இருந்தா இன்னா, எங்க பாட்டனார் கும்பிட்டது." கமலம் கை கூப்பினாள். அவரும் கூப்பினார். மாணவிகள் கைதட்டிய சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். பாயில் இருந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் டீச்சரோட அம்மாவா" என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்று உரக்கவே சொன்னேன்.

அன்றைக்கு மதாம் வீட்டில் விருந்து. எனக்காக மீன் இல்லாமல் உருளைக்கிழங்கில் வெண்ணெய் போட்டு ஏதோ செய்திருந்தாள். பெயர் சொன்னாள், நாக்கில் நிற்கவில்லை. தமிழ் வாத்தியாரும் வந்திருந்தார். முதல் நாள் குடிக்காத காப்பிக்கும் சேர்த்து இரண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் மகம். வைத்திக்குப்பம் கடற்கரையில் எத்தனை ஊர்ச் சாமிகள் என்கிறீர்கள். மயிலத்திலிருந்தும் திண்டிவனத்துப் பக்கமிருந்தும் வண்டி கட்டி வந்து மணலில் வரிசையாக நின்றன. மேளம் ஒன்றோடொன்று மோதிக் காது அடைத்தது. எங்கள் ஊரில் ஒரு சாமி கிளம்பினாலே தெரு கொள்ளாது. கமலம் வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டுவிட்டேன். "கமலம், நெசமாச் சொல்லு. உனக்குச் சாமி உண்டா இல்லையா?"

"அலை வருது, கையப் புடிம்மா" என்றாள். அலை போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உண்டும்மா. ஆனா நான் நெனச்சுக்கிட்டிருந்ததைவிட ரொம்பப் பொறுமையானவரு. ஒரே கையை வவ்வாலுக்கும் வெச்சுப் பாத்து, திமிங்கிலத்துக்கும் வெச்சுப் பாத்து, அப்பறந்தான் எனக்குக் குடுத்திருக்காரு. இது வகுப்புல சொல்றது இல்ல. உனக்குச் சொல்றது" என்றாள்.

அடுத்த அலைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே முழுகினோம்.

இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. மரம் கல்லாவதற்குக் கமலம் சொன்ன கணக்கு லட்சமா கோடியா என்று எனக்கு நினைவில்லை. அதனால்தான் போடவில்லை. திமிங்கிலம் மீன் இல்லை என்றும் ஏதோ சொன்னாள், அதுவும் சரியாகப் பிடிபடவில்லை. பிரெஞ்சு வார்த்தைகள் காதில் விழுந்தபடி எழுதியவை. மலரில் போடுவதற்கு முன்னால் படித்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அன்றைக்குப் பாடமும் நிலைத்தது, என் மகளும் வேலையில் நிலைத்தாள் என்று எழுதியிருப்பதை மட்டும் தொட வேண்டாம். அதை என் கண்ணால் பார்த்தேன்.